எழுத்து எண்ணாகும் வரலாறு



ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். நம்மவர் உளி பிடித்து வெட்டிய ரப்பர் மரத்தைப் போல அதுவும் பால் வடிக்கும் மரந்தான். காட்டில் தானாக வளர்ந்த அந்த மரத்தின் பால், ஒரு காலத்தில் சுவிங்கம் செய்வதற்காகக் கப்பலேறிப் போனது. பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே, கடலோரமாக இருக்கும் ஊருக்கு அந்த மரத்தின் பெயரே நிலைத்துவிட்டது. 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் அங்கே தொழிற்சாலை திறந்தது. அதன் பிறகு வேலையாட்களை ஏற்றிய பேருந்துகள் இரவும் பகலும் ஜெலுத்தோங் வழியாகத் தெற்கே ஓடின. அவற்றில் போன பெண்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்து, தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினார்கள்.

அந்தச் சில்லுக்குள்ளே ஓயாமல் நடக்கிற ஒரு சின்ன வேலையைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. நாம் விசைப்பலகையில் 107 என்று அடிக்கிறோம். கணிப்பொறிக்குப் போய்ச் சேர்வது நூற்றேழு என்ற தொகை அல்ல. ஒன்று, சுழியம், ஏழு என்ற மூன்று எழுத்துகள்தாம் போய்ச் சேர்கின்றன. அ, ம், மா என்ற மூன்று எழுத்துகள் எப்படியோ அப்படித்தான் இவையும். இந்த எழுத்துச் சரத்தை, கூட்டிக் கழிக்கக்கூடிய முழு எண்ணாக மாற்ற ஒருவர் வேண்டும். நிரல்மொழிகள் எல்லாவற்றிலும் அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. பார்வைக்கு அற்ப வேலை. ஆனால் இதற்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதையில் நம் தமிழுக்கும் பெரிய பங்கு உண்டு.

முதலில் வகுப்பறைக்கு வாருங்கள். ஆண்டுதோறும் தவறாமல் பார்க்கிற ஒரு காட்சி இது. முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் "நூற்றேழு எழுது" என்று சொன்னால், வகுப்பில் நாலைந்து பேராவது 1007 என்று எழுதுவார்கள். முதலில் நூறு, அதாவது 100. அதன் பக்கத்திலே ஏழு, அதாவது 7. காதில் விழுந்ததை விழுந்த வரிசையில் பிள்ளை எழுதிவிட்டது. வீட்டில் தகப்பனார் நோட்டைப் பார்த்து, "நூறு எது ஆயிரம் எதுன்னு தெரியாத மண்டை" என்று தலையில் ஒரு குட்டு வைக்கிறார். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பன்மார் அந்தக் குட்டை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பிள்ளை எழுதியது, நம் பாட்டன் பூட்டன் எழுதிய முறைக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கிறது.

பழந்தமிழர் எண்களை எழுதிய முறையில் ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. பத்துக்கு ௰ என்றும், நூறுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் வேறு குறிகள் இருந்தன. சுழியம் வேண்டியிருக்கவில்லை. நூற்றேழு என்றால் ௱௭. நூறு, ஏழு, முடிந்தது. வாயால் சொல்வது எப்படியோ அப்படியே ஏட்டில் இறங்கிற்று. நம் பிள்ளை செய்வதும் அதேதான். அதன் கையில் ௱ என்ற குறி இல்லை, 100 என்ற மூன்று எழுத்துத்தான் இருக்கிறது. அதனால் தொகை ஆயிரத்தேழாகிப் போகிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்து இறங்கிய ஆண்டு ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறு. பழைய முறையில் இதை ௲௭௱௮௰௬ என்று எழுத வேண்டும். இதைப் படிக்கும் முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிறிய குறி பெரிய குறிக்கு முன்னால் நின்றால் பெருக்க வேண்டும். பின்னால் நின்றால் கூட்ட வேண்டும். ௭௱ என்பது ஏழு தரம் நூறு, ஆகவே 700. ௱௭ என்பது நூறும் ஏழும், ஆகவே 107. ௲௱ என்று நின்றால் ஆயிரத்து நூறு. அதே இரண்டு குறிகளைப் புரட்டி ௱௲ என்று வைத்தால் நூறாயிரம், அதாவது ஒரு லட்சம். குறிகள் மாறவில்லை, நிற்கும் வரிசை மாறியது, தொகை தொண்ணூறு மடங்கு ஏறிவிட்டது. பன்னிரண்டாயிரம் எழுத வேண்டுமானால் ௰௨௲. இதில் பத்தையும் இரண்டையும் முதலில் கூட்டிக்கொண்டு, பிறகு ஆயிரத்தால் பெருக்க வேண்டும். உரோமானியர் முறையிலும் சிறியது பெரியதற்கு முன் நிற்பதுண்டு; ஆனால் அங்கே பெருக்குவதில்லை, கழிக்கிறார்கள். கடிகாரத்தில் ஒன்பது எழுதுகிற விதத்தைப் பாருங்கள். ஜெலுத்தோங்கில் நமக்கு அக்கம்பக்கமாக வாழும் சீனர்களின் முறையோ நம் பழைய முறைக்கு அண்ணன் தம்பி. அவர்கள் எழுத்திலும் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனி எழுத்து உண்டு. ஏழு, நூறு என்று அடுத்தடுத்து வைத்துத்தான் எழுநூறு எழுதுகிறார்கள். இன்றைக்கும் எழுதுகிறார்கள்.

இந்தத் தமிழ்க் குறிகளைத் தாங்கிய கணக்கேடுகள் பினாங்கிலேயே ஏராளமாகப் புழங்கின. நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் பினாங்கு வீதிப் பக்கம் கிட்டங்கிகளில் உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்தபோது, பேரேட்டில் விழுந்தது தமிழ் எண்தான். முழு எண்ணோடு நிற்காமல் கால், அரை, முக்கால், மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. மா என்பது இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு, முந்திரி முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. இவற்றைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியை ஓதி ஓதி மனப்பாடம் செய்தார்கள். காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அதற்கு மேற்படிப்பு.

அந்த முறை ஏன் போயிற்று என்றால், எழுதுவதற்கு அது நல்ல முறை. எழுத்திலேயே கணக்குப் போடுவதற்கு அது தோது இல்லை. ௲௭௱௮௰௬ என்பதன் கீழே இன்னொரு தொகையை எழுதிப் பத்தியாகக் கூட்டிப் பாருங்கள், தெரியும். கணக்கு மனத்தில் நடந்தது. ஏட்டில் விடை மட்டுமே ஏறியது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இடமதிப்பு முறை. நூறு என்ற குறி தேவையில்லை. மூன்றாவது இடத்தில் நின்றாலே அது நூறு. இடம் காலியாக இருந்தால் அதைக் காட்டச் சுழியம். இந்த முறை இந்தியாவில் பிறந்தது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்ற அறிஞர் இந்திய எண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் பெயர் இலத்தீனில் திரிந்துதான் அல்காரிதம் என்ற சொல் உண்டாயிற்று. கணிப்பொறிக்காரர்கள் ஒரு வேலையைச் செய்யும் படிமுறைக்கு இன்றும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். 1202ஆம் ஆண்டில் இத்தாலியில் பைசா நகரத்து லியோனார்டோ, பிபொனாச்சி என்று பெயர் பெற்றவர், இந்த எண்களைத் தம் கணக்கு நூலின் வழியே ஐரோப்பிய வணிகர்களுக்கு விளக்கினார்.

உடனே எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். 1299ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரத்துப் பணமாற்று வணிகர் சங்கம், கணக்கேட்டில் இந்தப் புது எண்களை எழுதக் கூடாது, தொகையைச் சொல்லால் எழுத வேண்டும் என்று விதி போட்டது. சுழியத்துக்கு ஒரு வால் போட்டால் ஆறாகவோ ஒன்பதாகவோ ஆகிவிடும், ஏமாற்ற எளிது என்ற அச்சம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த அச்சம் இன்னும் போகவில்லை. காசோலையில் தொகையை எண்ணாலும் எழுதுகிறோம், எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா? இரண்டும் வேறுபட்டால் எழுத்தால் எழுதிய தொகையே செல்லும் என்று நம் நாட்டின் 1949ஆம் ஆண்டு மாற்றுண்டியல் சட்டம் சொல்கிறது. எண்ணைவிட எழுத்தைத்தான் சட்டம் நம்புகிறது. நடைமுறையில் வங்கிக்காரர் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. அது வேறு விஷயம்.

எழுத்தால் எண்ணைச் சொல்லும் வித்தை வேறொரு பக்கமும் நம்மவரிடம் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாகசுரம் கேட்டிருப்பீர்கள். கருநாடக இசையில் எழுபத்திரண்டு தாய் இராகங்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த அடிப்படையில் பின்னால் வந்தவர்கள் அவற்றுக்குப் பெயர் சூட்டினார்கள். பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே அந்த இராகத்தின் வரிசை எண் ஒளிந்திருக்கும். கடபயாதி என்று இதற்குப் பெயர். க என்றால் ஒன்று, ம என்றால் ஐந்து, ய என்றால் ஒன்று, ர என்றால் இரண்டு, இப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். இசை பழகும் பிள்ளைக்கு முதலில் சொல்லித்தரும் மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். மா ஐந்து, யா ஒன்று. வந்தது 51. அதைத் திருப்பினால் 15. அது பதினைந்தாவது இராகம். மேசகல்யாணி: ம ஐந்து, ச ஆறு, திருப்பினால் அறுபத்தைந்து. சரம் உள்ளே போகிறது, முழு எண் வெளியே வருகிறது. இன்றைக்கு நிரல் எழுதுகிறவர் செய்வதும் இதுதான்.

இதில் ஒரு சிக்கலையும் கவனியுங்கள். தீரசங்கராபரணம் இருபத்தொன்பதாவது இராகம். முதலெழுத்து வடமொழியில் நான்காவது த. அதற்கு மதிப்பு ஒன்பது. ஆனால் தமிழ் எழுத்தில் த ஒன்றுதானே இருக்கிறது? வடமொழியின் நான்கு தகரங்களுக்கு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நான்கு மதிப்பு. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் 26, 27, 28, 29 என்று நான்கு விடை வரும். இருபத்தெட்டில் ஏற்கெனவே அரிகாம்போதி உட்கார்ந்திருக்கிறது. எழுத்தை எண்ணாக்கும்போது அது எந்த எழுத்து என்று ஐயமறத் தெரிந்தாக வேண்டும். இந்தப் பாடம் பின்னால் கணிப்பொறிக்காரர்களுக்கும் வந்து சேர்ந்தது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கணிப்பொறிக்குள் எழுத்து என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆஸ்கி என்ற பெயரில் ஓர் அட்டவணை வெளியாயிற்று. அதில் சுழியம் என்ற எழுத்தின் அடையாள எண் 48. ஒன்று 49, இரண்டு 50, இப்படியே ஒன்பதுக்கு 57. ஏன் 48 என்று கேட்கலாம். இரும எண் முறையில் எழுதிப் பார்த்தால், கடைசி நான்கு இலக்கங்கள் சரியாக அந்த எண்ணின் மதிப்பாகவே அமையும்படி அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். 1964இல் ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய இயந்திரங்களுக்கு வேறு அட்டவணை கொண்டுவந்தது. அதில் சுழியத்துக்கு 240, ஒன்பதுக்கு 249. அட்டவணை எதுவானாலும் பத்து எண்களும் அடுத்தடுத்து நின்றன. அந்த ஒழுங்கு இருந்ததால் வேலை எளிதாயிற்று.

1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் சி என்ற நிரல்மொழியை உருவாக்கினார். பாயான் லெப்பாஸில் சில்லுத் தொழிற்சாலை திறந்த அதே காலம். 1978இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகத்தில், எழுத்துச் சரத்தை முழு எண்ணாக்கும் ஒரு சிறு நிரலும் எடுத்துக்காட்டாக இருக்கிறது. ஏ டு ஐ என்பது அதன் பெயர். அது செய்வதை நாமும் ஒரு காகிதத்தில் செய்யலாம். 1786 என்ற சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருபவை 49, 55, 56, 54 என்ற நான்கு அடையாள எண்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 48ஐக் கழித்தால் 1, 7, 8, 6 கிடைக்கும். இப்போது இடமிருந்து வலமாகப் போக வேண்டும். கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கி, புதிதாக வந்ததைக் கூட்ட வேண்டும். முதலில் 1. அதைப் பத்தால் பெருக்கி 7ஐக் கூட்டினால் 17. மறுபடி பத்தால் பெருக்கி 8ஐக் கூட்டினால் 178. மறுபடி பெருக்கி 6ஐக் கூட்டினால் 1786. அவ்வளவுதான். நூற்றேழை 1007 என்று எழுதுகிற பிள்ளைக்கும் இதே வழியில் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு எழுத்து புதிதாக வந்து சேரும்போதெல்லாம் முன்னால் இருப்பவை எல்லாம் ஒரு படி மேலேறுகின்றன என்று காட்டினால், பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். குச்சிக் கட்டுகளை வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

ஆனால் சரத்தில் எண் அல்லாத ஒன்று வந்து நின்றால்? இங்கேதான் ஆபத்து. பழைய தட்டச்சு இயந்திரங்கள் பலவற்றில் ஒன்று என்ற விசையே கிடையாது. தட்டெழுத்தர்கள் ஆங்கில எல் எழுத்தின் சிறிய வடிவத்தை ஒன்றாகவும், ஓ எழுத்தைச் சுழியமாகவும் அடித்துப் பழகினார்கள். காகிதத்தில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் கைப்பழக்கத்தோடு ஒருவர் கணிப்பொறி முன் உட்கார்ந்து, ஒரு தொழிலாளி கொண்டுவந்த பாலின் எடை 105 கிலோ என்பதில் நடுச் சுழியத்துக்கு ஓ எழுத்தை அடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏ டு ஐ முதல் எழுத்தைப் படிக்கும், ஒன்று. அடுத்தது எண் அல்ல என்று கண்டதும் அங்கேயே நின்றுவிடும். விடை 1. நூற்றைந்து கிலோ ஒரு கிலோவாகப் போயிற்று. முதல் எழுத்தே எல் எழுத்தாக இருந்தால் விடை சுழியம். பிழை நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாது. உண்மையிலேயே சுழியம் என்று அடித்திருந்தாலும் விடை சுழியந்தான். அன்றைக்குப் பால் வெட்டவில்லை என்பதும், எழுத்தைப் படிக்க முடியவில்லை என்பதும் அதற்கு ஒன்றே. 12,500 என்று நடுவில் காற்புள்ளி போட்டுக் கொடுத்தால் 12 என்று சொல்லி முடித்துக்கொள்ளும்.

முன்பு பால் நிறுக்கும் இடத்தில் கிராணியார் எடையை எழுதும்போது நம்மவர் எட்டிப் பார்த்தார்கள். எழுத்து தெரியாதவரும் தராசு முள்ளைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை ஒப்பிட்டுக் கேட்டார்கள். இயந்திரத்துக்குள் எண் மாறினால் எட்டிப் பார்க்க இடமில்லை. அதனால்தான் பிற்காலத்து மொழிகள் கொஞ்சம் கண்டிப்பாக வந்தன. 1991இல் வெளியான பைத்தான் என்ற மொழி, எண் அல்லாத ஒன்றைக் கண்டால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, இதை எண்ணாக்க முடியாது என்று சொல்லிவிடும். என்னைக் கேட்டால் இந்தக் கண்டிப்பே மரியாதையானது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கணக்கரிடம் சம்பளம் வாங்கலாம்; தெரியாத இடத்தில் சுழியம் போடுகிறவரிடம் வாங்க முடியாது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் ஒன்று உண்டு. எண்ணாக்கக் கூடாததை எண்ணாக்கிவிடுவது. இது நம் வீடுகளையே தொடுகிற விஷயம். மலாயாவில் அடையாள அட்டை 1948இல் வந்தது. 1990 முதல் அட்டை எண் பன்னிரண்டு இலக்கமாயிற்று. முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. இப்போது 2005இல் பிறந்த பிள்ளையின் எண் 05 என்று தொடங்கும். ஒரு பள்ளியிலோ அலுவலகத்திலோ பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறவர் அதைக் கணிப்பொறி அட்டவணையில் அடிக்கிறார். மென்பொருள் தானாகவே அதை ஒரு தொகை என்று எடுத்துக்கொள்கிறது. தொகைக்கு முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பு இல்லை அல்லவா? விழுங்கிவிடுகிறது. பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகிறது. 2000ஆம் ஆண்டு சனவரியில் பிறந்தவருக்கு முதல் மூன்று சுழியமும் போய் ஒன்பது இலக்கம்தான் மிஞ்சும். அதற்கு முந்திய தலைமுறையில் யாருக்கும் இந்தத் தொல்லை இல்லை; 1960இல் பிறந்தவர் 60 என்றும் 1985இல் பிறந்தவர் 85 என்றும் தொடங்குவதால், விழுங்க அங்கே சுழியமே கிடையாது.

அஞ்சல் குறியீட்டிலும் இப்படித்தான். ஜெலுத்தோங்கின் குறியீடு 11600. அதற்கு ஒன்றும் ஆகாது. கடலுக்கு அக்கரையில் கெடாவிலே சுங்கை பட்டாணிக்குக் குறியீடு 08000. அது 8000 ஆகிவிடும். தொலைபேசியில் பினாங்கின் 04 என்ற எண்ணும் அவ்வாறே. இவையெல்லாம் எண்ணால் எழுதப்பட்ட பெயர்கள். இரண்டு அடையாள அட்டை எண்களைக் கூட்டினால் என்ன பொருள்? ஒன்றும் இல்லை. கூட்டவும் கழிக்கவும் பொருள் இல்லாத எதையும் எழுத்துச் சரமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது நிரல் எழுதுகிறவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விதி. பிள்ளையின் உதவித்தொகை மனுவோ தேர்வுப் பதிவோ "எண் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தால், பெற்றோர் முதலில் பட்டியலை வாங்கி இலக்கங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பதினொன்று இருந்தால் குற்றம் பிள்ளையுடையதும் அல்ல, அட்டையுடையதும் அல்ல. "முன்னால் இருக்கும் சுழியம் விழுந்துவிட்டது, அந்தக் கட்டத்தை எழுத்து வகைக்கு மாற்றுங்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம்.

படித்த விஞ்ஞானிகளும் இதில் மாட்டிக்கொண்டார்கள். மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் ஆங்கில மாதப் பெயர்களைப் போல இருந்தன. அட்டவணை மென்பொருள் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020ஆம் ஆண்டு மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மென்பொருளோடு போராடி முடியாமல் மரபணுக்களின் பெயரையே மாற்றியது. வீட்டுக்காரர் வாசற்படியில் தலை இடிக்கிறது என்று தம் உயரத்தைக் குறைத்துக்கொண்ட மாதிரி.

மறுபடி தமிழுக்கு வருகிறேன். தமிழைக் கணிப்பொறியில் ஏற்றியதில் நம் வட்டாரத்தவருக்குப் பெருமை உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தார்; 1997இல் தமிழ் இணைய மாநாடு அங்கே கூடியது. 2001இல் அதே வரிசை மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்று 1991இல் யூனிகோட் வந்தபோது தமிழ் எண்களும் அதில் இடம்பெற்றன. ஒன்று முதல் ஒன்பது வரை, பிறகு பத்து, நூறு, ஆயிரம். சுழியம் மட்டும் இல்லை. பழைய முறையில் சுழியம் கிடையாதே என்பதே காரணம். ஆனால் இடமதிப்பு முறையில் தமிழ் எண் எழுத விரும்புகிறவர் என்ன செய்வார்? இருபதை எப்படி எழுதுவார்? 2005ஆம் ஆண்டில்தான் தமிழ்ச் சுழியம் அட்டவணையில் சேர்ந்தது. அதன் அடையாள எண் 3046. அதற்கு முன் காலியாக விடப்பட்டிருந்த இடம், சரியாக ஒன்றுக்கு முந்திய இடம்.

அதனால் பழைய சூத்திரம் அப்படியே பொருந்திவிட்டது. ௧௭௮௬ என்று அடித்தால் உள்ளே போவது 3047, 3053, 3054, 3052. ஒவ்வொன்றிலும் 3046ஐக் கழியுங்கள்: 1, 7, 8, 6. பிறகு பத்தால் பெருக்கு, கூட்டு. இன்றைய பைத்தான் மொழியில் முழு எண்ணாக்கும் கட்டளைக்குத் தமிழ் எண்களைக் கொடுத்தால் தயங்காமல் 1786 என்று சொல்கிறது. ஆனால் ஒன்று என்பதற்குப் பதிலாக ககரத்தை அடித்துவிட்டால் ஒத்துக்கொள்ளாது. ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். ககரத்தின் அடையாள எண்ணோ 2965. தட்டச்சில் எல்லும் ஒன்றும் குழம்பிய அதே கதைதான் இதுவும்.

பழைய முறையில் ௲௭௱௮௰௬ என்று கொடுத்தால் பைத்தான் மறுத்துவிடும். ௰, ௱, ௲ ஆகிய மூன்றுக்கும் மதிப்பு உண்டு என்று அட்டவணை அறியும். ஆனால் அவை இடமதிப்பு எண்கள் அல்ல என்று தனியே பிரித்து வைத்திருக்கிறது. முன்னால் நின்றால் பெருக்கு, பின்னால் நின்றால் கூட்டு என்ற விதியைத் தெரிந்த ஒருவர் அதற்குத் தனி நிரல் எழுத வேண்டும். படிவம் மூன்றில் நிரல் படிக்கும் பிள்ளை ஒரு சனிக்கிழமையில் எழுதிவிடலாம். அதைவிடக் கடினமானது சொல்லால் எழுதிய எண். தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு தெரிகிறது, மதிப்போ 90. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் தெரிகிறது, மதிப்போ 900. ஒன்பதாயிரத்தில் மட்டும் ஒன்பது ஒழுங்காக வருகிறது. இருநூற்றைந்து, எண்பத்தாறு என்று சந்தியால் ஒட்டிய சொற்களைப் பிரித்துத் தரவும் வேண்டும். இலக்கண ஆசிரியரும் கணக்காசிரியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை அது.

பின்னங்களுக்கு இன்னும் அதிக காலம் பிடித்தது. கிட்டங்கிப் பேரேடுகளில் இருந்த காணி, மா, முந்திரி முதலிய குறிகள், மற்றப் பழங்குறிகளோடு சேர்த்து மொத்தம் 51, 2019ஆம் ஆண்டில்தான் யூனிகோடில் ஏறின. முந்திரிக் குறியைக் கொடுத்து அதன் மதிப்பு என்ன என்று பைத்தானைக் கேட்டால், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொன்ன அதே முந்நூற்று இருபதில் ஒரு பங்கைத் தன் முறையில் சொல்கிறது: 0.003125.